மாட் செய்யத் தெரிந்த டெல்டா பிள்ளைகள் கேம் ஸ்டுடியோ வேலைக்குப் போகலாமா?

டெல்டா பக்கம் கேம் மாட், அதாவது ஏற்கெனவே வந்த ஒரு கேமைத் தன் விருப்பப்படி மாற்றும் சேர்ப்பு, செய்கிற பிள்ளைகளில் நான் பார்த்த பெரும்பாலானவர்கள் பஸ்ஸில்தான் தொடங்கியிருக்கிறார்கள். மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017ல் மொபைலுக்கு விட்ட பஸ் சிமுலேட்டரில் நம்ம கும்பகோணம் கோட்டத்து வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் முதலில் ஒரு ஸ்கின் (வண்டியின் மேல் வரும் பெயிண்ட் வடிவம்) போடுவார்கள், அப்புறம் ஹாரன் மாற்றுவார்கள், அப்புறம் முழு வண்டியையே பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கட்ட உட்கார்ந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் வாங்க முடிந்தவர்கள் யூரோ டிரக் சிமுலேட்டர் 2க்குப் போகிறார்கள், சிலர் ஜிடிஏ பக்கம், ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் ஓப்பன் ரெயில்ஸ் பக்கம். இதிலேயே சில வருஷம் ஊறிவிட்டு, கல்லூரிக் கடைசி வருஷம் வந்ததும் கேட்கிறார்கள்: “அண்ணே, இதையே வேலையா எடுத்துக்கிட்டு ஏதாவது கேம் ஸ்டுடியோவுக்குப் போயிரலாமா?”

பெங்களூரில் ஒரு கேம் ஆர்ட் ஸ்டுடியோவில் வண்டிகள் செய்யும் பிரிவில் இருந்தேன். இப்போது தஞ்சாவூரில் உட்கார்ந்து அதே மாதிரி வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாட்டில் நீங்கள் எந்தப் பகுதியைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்று. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கைவேலையை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் வைத்துத்தான் எந்த வழி யாருக்கு என்று பார்க்கப் போகிறேன்.

முதலில், எல்லோரும் மேற்கோள் காட்டும் கதைகள். மின் லேயும் ஜெஸ் கிளிஃப்பும் 1999ல் ஹாஃப் லைஃப் என்ற கேமுக்கு மாட்டாகச் செய்த கவுண்டர் ஸ்டிரைக்கை 2000த்தில் வால்வ் நிறுவனம் வாங்கி அவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே குவேக் என்ற கேமின் மாட்டான டீம் ஃபோர்ட்ரஸ் செய்தவர்களையும் அதே வால்வ் எடுத்திருந்தது. ஆர்மா 2க்கு டேஸி என்ற மாட் செய்த டீன் ஹால், ஆர்மாவைச் செய்த பொஹீமியா நிறுவனத்திலேயே அதைத் தனி கேமாக ஆக்கப் போனார். பிரெண்டன் கிரீன் ஆர்மா மாட்டிலிருந்து கொரியாவுக்குப் போய் 2017ல் பப்ஜியைக் கொண்டுவந்தார். இவையெல்லாம் நடந்தவைதான், ஆனால் கவனித்துப் பாருங்கள், இவர்கள் ஒவ்வொருவரும் செய்தது ஏற்கெனவே ஏராளமானவர்கள் ஆடிக்கொண்டிருந்த புது ஆட்டம். நிறுவனங்கள் வாங்கியது அந்த ஆட்டத்தை, ஆட்களைக் கூடவே அழைத்துக்கொண்டார்கள். ஒரு அழகான பஸ் மாட் அந்தக் கணக்கில் வராது.

நமக்குப் பொருத்தமான உதாரணம் அலெக்சாண்டர் வெலிக்கி. 19 வயதில், ஸ்கைரிம் என்ற கேமைச் செய்த பெதஸ்தா நிறுவனத்தில் வேலை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியே, ஸ்கைரிமுக்குள் ஃபால்ஸ்கார் என்ற ஒரு புதுப் பிரதேசத்தை 2,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்துக் கட்டி 2013ல் வெளியிட்டார். பெதஸ்தா எடுக்கவில்லை. பஞ்ஜி என்ற வேறொரு கேம் நிறுவனம் எடுத்தது. அதாவது, மாட் ஒரு வேலைச் சான்றாகத் தாராளமாகச் செல்லும், ஆனால் நீங்கள் நேசிக்கும் கேமைச் செய்தவர்களிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் அமெரிக்காவில் இருந்தவர். யூரோ டிரக் செய்யும் எஸ்சிஎஸ் இருப்பது செக் நாட்டின் பிராகில். மயிலாடுதுறையிலிருந்து பிராகுக்கு முதல் வேலைக்கே விசா கிடைத்துப் போவது மிக அபூர்வம். எனவே நம்ம பிள்ளைக்கு ஸ்டுடியோ வேலை என்றால், ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறி விடிந்ததும் இறங்குகிற பெங்களூர், இல்லாவிட்டால் புனே, ஹைதராபாத்.

அங்கே என்ன வேலை இருக்கிறது? இந்தியாவில் பெரிய கேம்களுக்கு நடக்கும் வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்குச் செய்துகொடுக்கும் ஒப்பந்த வேலை. பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் அப்படி வளர்ந்த நிறுவனம்தான், 2019ல் ஜிடிஏ செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. லக்ஷ்யா டிஜிட்டல் இன்னொன்று. ஒரு முழு கேமை இங்கேயே பொறுப்பெடுத்துச் செய்வது குறைவு, எடுத்தாலும் கடைசிவரை கையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் மறு உருவாக்கத்தை யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்கள் செய்கின்றன என்று 2020ல் அறிவித்தபோது நாங்களெல்லாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! 2022ல் அதை மான்ட்ரியாலுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒப்பந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கற்றதைத்தான் இன்றும் விற்றுச் சாப்பிடுகிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று கிட்டத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு டவுன் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அலுமினியத் தகட்டில் வரிசையாக ரிவெட் அடித்திருக்கும். மொபைல் மாட்டில் அந்த ரிவெட்டுகளை டெக்ஸ்சரில், அதாவது மாடலின் மேல் ஒட்டும் படத்தில், வரைந்துவிடுவோம், வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் அதன் நிழல் ஒரே பக்கம் விழும், யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் முதலில் எக்கச்சக்கமான பாலிகனோடு (மாடலைக் கட்டும் சின்னச் சின்னத் தட்டை முகங்கள்) ஒரு உயர்தர மாடல், அதில் ஒவ்வொரு ரிவெட்டும் நிஜமாகவே எழும்பி நிற்க வேண்டும். பிறகு பாலிகன் குறைந்த ஒரு மாடல். உயர்தர மாடலின் மேடு பள்ளத்தையெல்லாம் நார்மல் மேப்பாக, அதாவது வெளிச்சத்தில் மேடு பள்ளம் போலத் தெரியவைக்கும் படமாக, இதன் மேல் பதிக்க (பேக் செய்ய) வேண்டும். பிறகு தூரத்தில் தெரிவதற்காக பாலிகனை இன்னும் குறைத்த மூன்று நான்கு மாதிரிகள் (எல்ஓடி). கதவின் பிவட் (அது சுழலும் மையப் புள்ளி) சரியாகக் கீல் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கேமுக்குள் கதவு திறக்கும்போது காற்றில் மிதக்கும். ஃபைல் பெயரில் ஒரு அடிக்கோடு தவறினால்கூடத் திரும்பி வரும். லீட் (குழுவை நடத்தும் மூத்தவர்) ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார், நீங்கள் திருத்தி அனுப்பியதும் அவர் அமெரிக்காவுக்கு அனுப்புவார், ராத்திரி அங்கிருந்து இன்னொரு சிவப்பு வட்டம் வரும். இதில் அந்த வண்டி எந்தக் கேமில் வரப்போகிறது என்பதைக்கூட வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் கேமின் முடிவில் ஓடும் பட்டியலில் உங்கள் பெயர் வருவதும் நிச்சயமில்லை.

இந்த வர்ணனையைப் படிக்கும்போதே “ரிவெட் ஒவ்வொன்றும் நிஜமாக எழும்பி நிற்குமா!” என்று யாருக்குக் கை துறுதுறுக்கிறதோ, அவர்கள் தாராளமாகப் போகலாம். ‘எனக்கு நம்ம ஊர் பஸ்தான் வேண்டும், யாருடைய வண்டியையோ நான் ஏன் செய்ய வேண்டும்’ என்று தோன்றுகிறவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும், ஏனென்றால் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது கைவேலை மேல் உள்ள ஆசையைவிட அந்தப் பஸ் மேல் உள்ள ஆசை. ஸ்டுடியோவில் அந்தப் பஸ் கிடைக்காது. ஆசையில் எந்தக் குறையும் இல்லை, அதைச் சம்பளத்தோடு கட்டத்தான் முடியாது.

மாட் செய்தவர்களுக்கு அங்கே இருக்கும் உண்மையான பலத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஜிபி ராம் போனில் ஓட வேண்டும் என்று பாலிகனைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிய கை, லட்சக்கணக்கில் பணம் கட்டி அனிமேஷன் கோர்ஸ் படித்த கையைவிடச் சிக்கனமானது. யூரோ டிரக்கில் 2020ல் வந்த 1.37 பதிப்பில் ஒலி அமைப்பையே எஃப்மாட் என்ற ஒலிக் கருவிக்கு மாற்றினார்கள், பழைய ஹாரன் மாட்டெல்லாம் ஊமையானது. அதற்காக எஃப்மாட் கற்றுக்கொண்டு தன் ஏர் ஹாரனைத் திரும்பவும் ஒலிக்கவைத்த பையன், தொழில்முறை கேம்களில் பயன்படுத்தும் கருவியையே கற்றுக்கொண்டிருக்கிறான், அவனுக்கே அது தெரியவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாட் உடைவதும், உடைந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்து மறுபடி விடுவதும், கீழே வந்து திட்டுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத பாடம். இன்டர்வியூவில் இதைச் சொல்லுங்கள். டவுன்லோட் எண்ணிக்கையைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். பஸ் மாட் உலகில் மாடல் திருட்டு சர்வ சாதாரணம். ஒரு கேமிலிருந்து உருவின வண்டியை இன்னொரு கேமுக்கு மாற்றுவது, அடுத்தவர் செய்த சேஸிஸ் மேல் நம்ம பாடியை வைத்து மற்றவர் திறக்க முடியாதபடி லாக் போட்டு விடுவது, லாக்கை உடைத்துத் தன் பெயர் போட்டுக்கொள்வது என்று எல்லாம் நடக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அது பழகிப்போன சண்டை. ஸ்டுடியோவுக்கு அது கதவை அடைக்கும் காரணம். போர்ட்ஃபோலியோவில் (வேலைக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பு) இருக்கும் ஒரே ஒரு டயர் வேறு கேமிலிருந்து உருவினது என்று தெரிந்தாலும் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும், மாடலின் கோட்டுச் சட்டகமான வயர்ஃபிரேமைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டுடியோ வேண்டும் என்று முடிவெடுத்தால் முதலில் இருந்து கடைசிவரை உங்கள் கையாலேயே செய்த ஒரு வண்டி வேண்டும். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில் டேப் வைத்து அளந்து, டிரைவர் அண்ணனிடம் கேட்டு டேஷ்போர்டைப் படமெடுத்து, அந்தப் படங்களையும் அளவுகளையும் மாடலோடு சேர்த்தே காட்டுங்கள். பத்து ஸ்கின்னுக்கு அந்த ஒரு வண்டி மேல். வெறும் ஸ்கின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்போதைக்கு ஸ்டுடியோ கதவு திறக்காது, இன்னும் ஒரு வருஷம் மாடலிங்கில் உட்கார்ந்த பிறகு பேசலாம்.

சரி, புரோகிராம் கோடு எழுதி மாட் செய்கிறவர்கள்? இவர்களுக்கு என் பதில் வேறு. புரோகிராமருக்கு ஊருக்குள்ளும் வெளியிலும் நிறைய வழி இருக்கிறது. புதிதாகச் சேருபவருக்குப் பெரிய ஐடி நிறுவனங்கள் கொடுப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம், கேம் ஸ்டுடியோவில் தொடக்கச் சம்பளமும் அந்த அளவில்தான், ஆனால் நான்கைந்து வருஷம் கழித்துப் பார்த்தால் சாதாரண மென்பொருள் வேலையில் ஏறும் வேகம் கேமில் இருப்பதில்லை. ஒரு கல்விக் கடன் கழுத்தில் இருந்தால் அந்த வித்தியாசம் பெரிது. தஞ்சாவூரிலேயே 2024ல் நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று, திருச்சி நாவல்பட்டில் எல்காட் பூங்கா முன்பே இருக்கிறது. பகலில் ஒரு மென்பொருள் வேலை, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தன் மாட் என்பது இவர்களுக்குச் சரிவரும். கேம் இன்ஜினின் உள்வேலை, கிராஃபிக்ஸ் கணக்கு, ஸ்டுடியோவுக்குள் மற்றவர்கள் பயன்படுத்தும் கருவிகள் எழுதுவது, இந்த மூன்றில் ஒன்றில் வெறி இருந்தால் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போகலாம், அந்த அனுபவம் வெளியில் எங்கும் கிடைக்காது.

வேலைப் பாதுகாப்பைப் பற்றி மறைக்க எதுவும் இல்லை. 2024 ஜனவரியில் ஒரே மாதத்தில் கேம் இன்ஜின் செய்யும் யூனிட்டி நிறுவனம் 1,800 பேரையும் மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவு 1,900 பேரையும் அனுப்பின. அங்கே புராஜெக்ட் நின்றால் இங்கே ஒப்பந்தம் நிற்கும். 2025 பிப்ரவரியில் படங்களுக்கும் கேம்களுக்கும் கிராஃபிக்ஸ் செய்துகொடுத்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் அதன் ஸ்டுடியோக்களில் இருந்த ஏராளமானவர்கள் திடீரென்று வெளியே நின்றார்கள், அதில் எனக்குப் பழக்கமானவர்களும் உண்டு. இதில் இன்னொரு குழப்பம், இந்தியாவில் ‘கேமிங் கம்பெனி’ என்று விளம்பரம் போட்டவற்றில் பல ரம்மி போலப் பணம் வைத்து ஆடும் நிறுவனங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டம் போட்ட பிறகு அங்கேயும் ஆட்குறைப்பு நடந்தது. “கேம் கம்பெனியில ஆளைத் தூக்கிட்டாங்களாமே தம்பி” என்று வீட்டில் அத்தையும் சித்தப்பாவும் பயப்படும்போது எது எந்தக் கம்பெனி என்று நீங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் பயம் நியாயமானது. மேட்டூர் திறந்தால்தான் குறுவை என்று இருக்கும் வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வரும் ஒரு சம்பளம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

ஊரிலேயே இருந்து மாட்டிலேயே சம்பாதிப்பது மூன்றாவது வழி. தனியார் பஸ் பிரியர்கள் காசு கொடுத்து வண்டி செய்யச் சொல்கிறார்கள், யூடியூப்பில் கொஞ்சம் வருகிறது. கைச்செலவுக்கு நன்றாக இருக்கும். குடும்பம் நடத்த அதை நம்பாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து, ஏனென்றால் அந்த நிலம் உங்களுடையது அல்ல, நீங்கள் குத்தகைச் சீட்டுக்கூட இல்லாமல் பயிர் வைத்திருக்கிறீர்கள். மைன்கிராஃப்டின் விதிகள் மாட்டைக் காசுக்கு விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. 2015 ஏப்ரலில் வால்வின் கேம் கடையான ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களை விற்கலாம் என்று வால்வும் பெதஸ்தாவும் அறிவித்தபோது மாட் செய்தவருக்கு வந்த பங்கு 25 சதவீதம், எதிர்ப்பு கிளம்பி ஒரு வாரத்துக்குள் திட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். ஜிடிஏவைப் பாருங்கள். ஜிடிஏவைத் தனிச் சர்வர்களில் பலர் சேர்ந்து ஆடவைக்கும் ஃபைவ்எம் என்ற மாட்டைச் செய்தவர்களின் கணக்குகளை 2015ல் முடக்கிய அதே ராக்ஸ்டார், 2023ல் அந்தக் குழுவையே விலைக்கு வாங்கியது. நடுவில் 2021ல் பழைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியின் புரோகிராம் கோடைத் திரும்ப எழுதியவர்கள் மேல் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக் டூ வழக்குப் போட்டது. இன்று அணைப்பார்களா, நாளை வழக்குப் போடுவார்களா என்பது உங்கள் கையில் இல்லை. அதோடு, நிஜ டிராவல்ஸ் பெயரையும் லோகோவையும் போட்ட வண்டியைக் காசுக்கு விற்றால் அந்த உரிமையாளர் கேள்வி கேட்கவும் இடமிருக்கிறது.

இந்த வழியில் பிழைக்கத் தெரிந்தவர்கள் மாட்டிலிருந்து மெல்ல வெளியே நகர்கிறார்கள். கேம் செய்பவர்கள் மாடல் வாங்கும் யூனிட்டி அசெட் ஸ்டோர், ஃபேப் (அன்ரியல் செய்யும் எபிக் நிறுவனத்தின் கடை) போன்ற இடங்களில் லோகோ எதுவும் இல்லாத, முழுக்கத் தன் சொந்த மாடலான ஒரு இந்தியப் பஸ், ஒரு டீக்கடை, ஒரு ரயில்வே கேட் என்று விற்பனைக்கு வைக்கலாம். அது உங்கள் சொத்து, யாரும் பிடுங்க முடியாது. மாதச் சம்பளம் மாதிரி வராது, ஆனால் ஸ்டுடியோவுக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோவும் அதுவே ஆகிவிடும் என்பதால் எந்த வழியில் போகிறவருக்கும் இதை நான் சொல்வேன்.

சொந்தமாகக் கேம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம். ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்த நிக் பியர்ஸ் ஸ்கைரிமுக்கு மாட்டாகச் செய்த தி ஃபர்காட்டன் சிட்டி 2015ல் வந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு அதையே 2021ல் தனி கேமாகக் கொண்டுவந்தார். டொரான்டோவிலிருந்து 2023ல் வந்த வெண்பா என்ற கேம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்தே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. நம்ம மண்ணை வைத்து ஒரு கேம் உலகம் முழுக்கப் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள், ஏதோ ஒரு சம்பளம் பின்னால் இருக்கட்டும்.

ஆக, வண்டியோ கட்டடமோ முழுக்கத் தன் கையால் மாடல் செய்கிறவரைப் பெங்களூருக்கே போகச் சொல்வேன். இரண்டு மூன்று வருஷம் ஒப்பந்த ஸ்டுடியோவில் இருந்துவிட்டு ஊர் திரும்பினாலும் அந்தப் பயிற்சி கூடவே வரும். பிஜி வாடகை, சாப்பாடு போக முதல் வருஷம் கையில் பெரிதாக நிற்காது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடு எழுதுகிறவர் ஐடி வேலையோடு மாட்டைத் தொடரட்டும். மிஷன், கதை, மேப் என்று ஆட்டத்தையே வடிவமைக்கிறவர்களுக்குத்தான் இந்தியாவில் இடம் மிகக் குறைவு, அவர்கள் சொந்தக் கேம் பக்கம் பார்வையை வைத்துக்கொண்டு இப்போதைக்கு வேறு வேலையில் இருப்பது நல்லது. நம்ம பக்கம் பெண் பிள்ளைகள் பலர் மாட் செய்தும் பெயர் சொல்லாமல் ஒதுங்கி இருக்கிறார்கள். அவர்களும் இதே அளவுகோலில் தைரியமாகப் போர்ட்ஃபோலியோ அனுப்புங்கள், முதலில் அனுப்பும் டெஸ்ட் ஃபைலைத்தான் பார்ப்பார்கள், அனுப்பியவர் யார் என்பது பிறகுதான்.

எந்த ஸ்டுடியோவில் சேர்ந்தாலும் ஆஃபர் லெட்டரில் ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் வெளியில் செய்யும் படைப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருப்பார்கள், சில இடங்களில் வேறு கேம்களுக்கு மாட் செய்யவே எழுத்துப்பூர்வ அனுமதி கேட்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் மாட்களையும் மாடல்களையும் பெயர், தேதியோடு பட்டியல் போட்டு ‘இவை என்னுடையவை, இவற்றைத் தொடர்ந்து பராமரிப்பேன்’ என்று இணைப்பாகச் சேர்க்கச் சொல்லி எச்ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். மறுத்தால், உங்கள் மாட்டைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரிடம் மூல ஃபைலோடு ஒப்படைத்துவிட்டு அப்புறம் சேருங்கள்.